கழுத்து முள்ளெலும்புகளை எப்படிப் படித்தீர்கள்?

கேள்வி: கோலாலம்பூரில் கைரோபிராக்டிக் (முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சீர்செய்யும் சிகிச்சை முறை) முதலாண்டு படிக்கிறேன். கழுத்தில் முள்ளெலும்புகள் 7, நரம்பு இணைகள் 8 என்ற இடத்திலேயே ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். படித்து முடித்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: முதல் நரம்பு மண்டையோட்டுக்கும் முதல் முள்ளெலும்புக்கும் இடையே வெளிவருகிறது. ஆகவே கழுத்தில் 1 முதல் 7 வரையுள்ள நரம்புகள் தத்தம் எண்ணுள்ள எலும்புக்கு மேலேயும், எட்டாவது நரம்பு ஏழாம் எலும்புக்குக் கீழேயும், மார்புப் பகுதி தொடங்கி மற்றவை தத்தம் எலும்புக்குக் கீழேயும் வருகின்றன. ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள்.

மறுமொழி 2: தொட்டும் படியுங்கள். தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் துருத்தி நிற்பது பெரும்பாலும் ஏழாம் எலும்பு. மேல் ஆறு எலும்புகளின் பக்கத் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் தமனியின் பாதையை அறியாமல் எவருடைய கழுத்தையும் திருப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேட்டவர்: நன்றி ஐயா. விரல் வைத்துப் பார்த்தேன்; தலையை நிமிர்த்தும்போது ஆறாவது உள்ளே நழுவுகிறது, ஏழாவது விரலடியிலேயே நிற்கிறது.