வைக்கோல் தின்னும் மாட்டுக்குக் கடற்பாசி கொடுக்கலாமா?

மண்டூர் மகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு மட்டக்களப்பு மாவட்டம் மண்டூரில். இரண்டு வருடமாக அப்பாவுக்கு முழங்கால் இயலாது, அதனால் மாடுகளை நான்தான் பார்க்கிறேன். கறவையில் மூன்று நிற்கின்றன. ஒன்று ஜெர்சிக் கலப்பு, நாளைக்கு நான்கு போத்தல் கறக்கும். மற்ற இரண்டும் நாட்டு மாடுகள், ஒவ்வொன்றும் ஒன்றரைப் போத்தல். பெரும்போக அறுவடை முடிந்தால் வட்டையில் கிடக்கும் வைக்கோலை அள்ளிப் போர் வைப்போம். வெயில் காலத்தில் அதுதான் தீனி. பின்னேரம் கொஞ்சம் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கொடுப்பேன்.

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். மாடு விடும் ஏப்பத்தில் மெதேன் வாயு இருக்கிறது, அது பூமியைச் சூடாக்குகிறது, வெளிநாடுகளில் கடற்பாசி கொடுத்து அதைக் குறைக்கிறார்கள் என்று அங்கே சொன்னார்கள். மண்டபத்தில் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு தொழுவத்தில் போய் இருந்து பார்த்தேன். ஜெர்சி படுத்திருந்து அசை போட்டது. உருண்டை ஒன்று கழுத்தால் மேலே ஏறுவதும், மென்று முடிந்ததும் கீழே இறங்குவதும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. இடையிடையே புளித்த மணத்துடன் மூச்சு வந்தது. இத்தனை நாளும் சாணத்தில்தான் வாயு இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கேட்க விரும்புவது இதுதான். எங்கள் வாவிக் கரையில் பாசி நிறைய ஒதுங்குகிறது. அதைக் காயவைத்துக் கொடுத்தால் பலன் உண்டா? வாயு குறைந்தால் பால் கூடுமா? பக்கத்து வளவு மாமா, நாட்டு மாடு இரண்டையும் விற்றுவிடு என்கிறார். எனக்கு மனம் வரவில்லை.

---

ஓய்வுபெற்ற போதனாசிரியர், செங்கலடி எழுதியது:

பிள்ளை, வாவிப் பாசியைத் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். ஆய்வுகளில் பேசப்படுவது அஸ்பராகொப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி. அதிலுள்ள புரோமோஃபோம் என்ற சேர்மம்தான் வாயுவைத் தடுக்கிறது. 2021 இல் கலிபோர்னியாவில் வெளியான ஆய்வில் இறைச்சி மாடுகளுக்கு 147 நாட்கள் கொடுத்து, தானியம் மிகுந்த தீனியில் 80 வீதம் வரை மெதேன் குறைந்ததைக் கண்டார்கள். நார் கூடிய தீனியில் அவ்வளவு குறையவில்லை. வாவியில் ஒதுங்குவது அந்தப் பாசி அல்ல. அதில் உப்பும் சேறும்தான் மாட்டின் வயிற்றுக்குள் போகும். சரியான பாசியாக இருந்தாலும் அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், அதிலுள்ள அயடின் பாலுக்குள் வந்துவிடும். தீனியில் கலக்கும் சேர்க்கை ஒன்றும் இருக்கிறது, பொவேயர் என்ற பெயரில் விற்கிறார்கள். கறவை மாடுகளில் ஏறத்தாழ 30 வீதம் குறைக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் அனுமதித்தது. ஆனால் நாள் முழுவதும் தீனியோடு கலந்து உள்ளே போக வேண்டும். அவிழ்த்துவிட்டு மேய்க்கும் மாட்டுக்கு அது பொருந்தாது.

இனி உங்கள் தொழுவத்துக்கு வருகிறேன். நாளை காலை ஜெர்சியின் இடது பக்கம் போய் நில்லுங்கள். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் கையைப் பொத்தி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே பொதியொன்று புரண்டு உங்கள் முட்டியைத் தள்ளுவதை உணர்வீர்கள். நல்ல மாட்டில் நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை தள்ளும். அதுதான் அசையூண் வயிறு. நான்கு அறைகளில் அது மிகப் பெரியது, 100 லீட்டருக்கு மேல் கொள்ளும். வைக்கோலை மாடு தானாகச் செரிப்பதில்லை. அந்த வயிற்றில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான் நாரை உடைத்து மாட்டுக்குச் சக்தி கொடுக்கின்றன. உடைக்கும்போது ஐதரசன் மிஞ்சுகிறது. வேறொரு கூட்டம் நுண்ணுயிர் அந்த ஐதரசனையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து மெதேன் ஆக்கிவிடுகிறது. அதில் பெரும்பகுதி வாயாலும் மூக்காலும்தான் வெளியே போகும். சாணத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கில் உள்ள சக்தியும் அந்த ஏப்பத்தோடு போகிறது. தின்ற தீனியின் மொத்தச் சக்தியில் 2 முதல் 12 வீதம் வரை இப்படி இழக்கப்படுகிறது. நார் மட்டும் தின்றால் இழப்பு கூடும். தவிடும் தானியமும் சேர்ந்தால் ஐதரசன் வேறு வழியில் பயன்பட்டு இழப்பு குறையும். தேங்காய்ப் புண்ணாக்கில் மிஞ்சியிருக்கும் எண்ணெய்க்கும் மெதேனைக் குறைக்கும் குணம் உண்டு. அதற்காக எண்ணெயை ஊற்றிவிடக் கூடாது. மொத்தத் தீனியில் கொழுப்பு 6 வீதத்தைத் தாண்டினால் நார் செரிப்பதே கெட்டுப்போகும்.

நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் சொன்னது ஒன்றுதான், இன்றும் அதையே சொல்கிறேன்: முதலில் வைக்கோலைத் திருத்துங்கள். அந்த நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யத் தீனியில் 7 வீதமாவது புரதம் வேண்டும். வெறும் வைக்கோலில் 4 வீதம் இருந்தால் பெரிது. அதனால்தான் மாடு வயிறு நிறையத் தின்றும் எலும்பு தெரிய நிற்கிறது. யூரியா வைக்கோல் இதற்கு மாற்று. 1980களிலேயே நம் நாட்டில் ஆராய்ந்து பார்த்த முறை. 25 கிலோ வைக்கோலுக்கு 1 கிலோ யூரியா, 25 லீட்டர் தண்ணீர். யூரியா முழுவதும் கரைய வேண்டும், ஒரு குருணை கூட அடியில் கிடக்கக் கூடாது. வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, பூவாளியால் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடி இரண்டு மூன்று வாரம் விடுங்கள். எடுத்ததும் ஒரு மணித்தியாலம் காற்றாட வைத்து, அமோனியாக் காரம் பறந்த பிறகு போடுங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கரைத்த யூரியாத் தண்ணீரை வாளியோடு தொழுவத்தில் வைத்துவிட்டு உள்ளே போய், என் சொந்தப் பசு ஒன்றை இழக்கப் பார்த்தேன். சில வாய்தான் குடித்தது. அரை மணித்தியாலத்துக்குள் நடுங்கி, நுரை தள்ளி, வயிறு உப்பிவிட்டது. மிருக வைத்தியர் வந்து வினாகிரியையும் குளிர்ந்த தண்ணீரையும் குழாயால் இறக்கித்தான் காப்பாற்றினார். வாளியைக் கையை விட்டு இறக்காதீர்கள்.

இதனால் மாடு விடும் மொத்த வாயு குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். கூடத் தின்னும், அதனால் ஏப்பமும் கொஞ்சம் கூடலாம். போத்தல் கணக்கில்தான் குறையும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: இரண்டு போத்தல் கறக்கும் மாடு நாளைக்கு 150 கிராம் மெதேன் விட்டால் போத்தலுக்கு 75 கிராம். அதே மாடு நன்றாகத் தின்று 180 கிராம் விட்டு ஐந்து போத்தல் கறந்தால் போத்தலுக்கு 36 கிராம். மாடு உயிரோடு நிற்பதற்கே ஒரு பங்கு தீனி வேண்டும், அந்தப் பங்கு மாறாது. பால் கூடக் கூட அது பல போத்தல்களுக்குப் பிரிந்து போகும்.

---

அக்கரைப்பற்று பால்காரர் எழுதியது:

ஐயா சொன்ன முறையை நான் செய்து பழகியவன். தங்கச்சி, பொலித்தீனில் எலி ஓட்டை போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என் முதல் குவியலில் சின்ன ஓட்டைதான், அதைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்குப் பூஞ்சணம் பிடித்து எல்லாவற்றையும் எறிந்தேன். இப்போது சுற்றிவர மணல் மூட்டை அடுக்குகிறேன்.

2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது யூரியா கண்ணில் படவே இல்லை. அந்த வருடம்தான் வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையின் அருமை எனக்குத் தெரிந்தது. அதன் இலையில் 20 வீதத்துக்கு மேல் புரதம். பச்சையாகப் போட்டால் மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். முதல் நாள் பின்னேரம் வெட்டி, இரவு வாடவிட்டு, காலையில் வைக்கோலோடு கலந்து போடுங்கள். நாளைக்கு ஒரு கட்டுப் போதும். யூரியா கையில் இல்லாத ஆளுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

தவிட்டையும் சோதித்து வாங்குங்கள். ஒரு பிடியை எடுத்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போடுங்கள். உமி மேலே மிதக்கும். பாதிக்குப் பாதி மிதந்தால் நீங்கள் தவிட்டு விலைக்கு உமி வாங்குகிறீர்கள். ஒரு வருடம் முழுவதும் நான் அப்படித்தான் வாங்கினேன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

---

கிரான் பட்டிக்காரன் எழுதியது:

ஐயா, உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்கும்போது மனம் நோகிறது. என் பட்டியில் 70 உருப்படி. பெரும்போகம் விதைத்தால் வயற்பக்கம் ஒரு மாடு நிற்க முடியாது, மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். அங்கே மேய்ச்சல் தரைக்காக எங்கள் ஆட்கள் 2023 இலிருந்து சித்தாண்டியில் வீதியோரம் இருந்து போராடினார்கள். புல்லுக்கே வழி இல்லாதவனிடம் வந்து உன் மாடு உலகத்தைச் சூடாக்குகிறது என்றால் என்ன பதில் சொல்வது? 70 மாட்டுக்கு எங்கே பொலித்தீன் விரிப்பது?

---

ஓய்வுபெற்ற போதனாசிரியர், செங்கலடி எழுதியது:

தம்பி, நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. உங்கள் மாட்டைக் குற்றவாளி ஆக்க நான் வரவில்லை. மேய்ச்சல் தரை இல்லாமல் போனால் மாடு முற்றிய புல்லையும் சுள்ளியையும் தின்னும், அதுதான் மிகக் கூடிய ஏப்பம் தரும் தீனி. ஆகவே மேய்ச்சல் தரைக்காகப் போராடுவதும் இந்த விடயத்துக்குள்தான் வருகிறது.

பட்டிக்கு ஒன்று சொல்லலாம். உங்கள் நாகுகள் எந்த வயதில் முதல் கன்று போடுகின்றன? ஐந்து வயது என்றால், பால் ஒரு துளியும் தராமல் ஐந்து வருடம் தின்று ஏப்பம் விட்டிருக்கின்றன. மூன்றரை வயதில் போட்டால் அந்த ஒன்றரை வருடத் தீனி மிச்சம். 70க்கும் செய்ய முடியாது. சினைப் பருவம் வரும் பத்து நாகுகளை மட்டும் பிரித்து, வெயில் மாதங்களில் இரவுப் பட்டியில் சீமைக்கிளுவையும் உப்புத்தாதுக் கட்டியும் கொடுத்துப் பாருங்கள்.

மண்டூர்ப் பிள்ளைக்கு: நாட்டு மாட்டை விற்க வேண்டாம். அது வெயிலையும் உண்ணியையும் தாங்கும். அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்த பிறகு முடிவு எடுக்கலாம்.

---

மண்டூர் மகள் எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். தொழுவத்துக்குப் பின்னால் 50 கிலோ வைக்கோல் போட்டு மூடினோம். அப்பா கதிரையில் இருந்தபடியே வாளியைக் காவல் காத்தார். பதினெட்டாம் நாள் ஒரு மூலையைத் திறந்தேன். கண் எரிந்தது. மஞ்சளாக இருந்த வைக்கோல் வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருந்தது, கையில் பிடித்தால் முறியாமல் வளைந்தது. ஜெர்சி இரண்டு நாள் தொடவே இல்லை. சாதாரண வைக்கோலில் கலந்து கலந்து பழக்கினேன். இப்போது அதைத்தான் முதலில் தேடுகிறது.

ஜெர்சி ஐந்து போத்தலுக்கு வந்திருக்கிறது, நாட்டு மாடுகள் இரண்டு இரண்டு. சீமைக்கிளுவையும் சேர்த்துப் போடுவதால் எது எவ்வளவு கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முன்பு தட்டுத் தட்டாகக் காய்ந்து விழுந்த சாணம் இப்போது இளகி விழுகிறது. காலையில் கறக்க முதல் இடது பக்கம் முட்டியை வைத்துப் பார்க்கிறேன் ஐயா. ஜெர்சியில் தெளிவாகத் தெரிகிறது. நாட்டு மாட்டில் சின்ன மாடு மட்டும் மெதுவாகத் தள்ளுகிறது, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவைதான். நன்றாகத் தின்கிறது, காய்ச்சலும் இல்லை. வைத்தியரிடம் காட்ட வேண்டுமா?