ஒரே சட்டை, இரண்டு நாடு: கென்யாவிலும் வியட்நாமிலும் இருந்தவர்கள் எழுதுங்கள்

ஊசிக்காது

வியட்நாமின் பின் யுவோங்கில் நான்கரை ஆண்டு, பிறகு கென்யாவின் அத்தி ரிவரில் இரண்டு ஆண்டு. இரண்டு இடத்திலும் தையல் லைனில் குவாலிட்டி வேலை. ஏற்றுமதி மண்டலம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே ஜப்பானிய மெஷின், அதே அமெரிக்க வாடிக்கையாளர், ஏறக்குறைய அதே சட்டை.

2023 மார்ச், அத்தி ரிவரில் சம்பளம் போட்ட மாலை. காலர் வைக்கும் பெண் ஒருத்தி கேட்டுக்கு வெளியே மத்தாத்துவுக்காக (அங்கத்திய மினி பஸ்) நின்றுகொண்டிருந்தாள். போனில் பணம் வந்ததும் முதலில் ஃபுலிசா (போனிலேயே கிடைக்கும் கைமாற்றுக் கடன்) தன் கடனை எடுத்துக்கொண்டது. அது கேட்காது, எடுக்கும். பிறகு கிதுயியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினாள். தம்பியின் பள்ளிக் கட்டணம், வாடகை, சாமாவுக்கு ஒரு தொகை (பெண்கள் சேர்ந்து போடும் சீட்டு). ஒவ்வொன்றையும் அனுப்பிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எதற்குக் காட்டினாள் என்று இன்றும் புரியவில்லை. கடைசியில் மீதி 43 ஷில்லிங். மத்தாத்து வந்தது, ஏறவில்லை. நடந்து போகிறேன் என்றாள்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வியட்நாமில் என் லைனில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கைப்பட்டை தைப்பவள், உன்னைப்போலத்தான், சம்பளத்தில் மிச்சம் பிடித்து 2019-இல் ஒரு 'ச்சீ' தங்க மோதிரம் வாங்கினாள் என்றேன். ஒரு ச்சீ என்பது 3.75 கிராம், அப்போது 40 லட்சம் டோங்கை ஒட்டிய விலை. நீயும் மாதம் கொஞ்சம் ஒதுக்கு என்று உபதேசம் வேறு.

அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "சார், உங்களுக்கு யாரும் போன் செய்ய மாட்டார்களா?"

இதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. இரண்டு நாட்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள், ஏன் அங்கே மோதிரம், இங்கே 43 ஷில்லிங்?

கடைசி பெஞ்ச்

கேள்வியே கோணல் என்பது என் எண்ணம். ஒருத்தியின் சம்பளத்தை எத்தனை வாய் பங்கு போடுகிறது என்று முதலில் பாருங்கள். கென்யாவில் 1970-களின் இறுதியில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எட்டுப் பிள்ளைகள். 2022 கணக்கெடுப்பில் அது 3.4. வியட்நாமில் 1980-களின் இறுதியிலிருந்தே இரண்டு பிள்ளைக் கட்டுப்பாடு இருந்தது, 2025-இல்தான் நீக்கினார்கள். உங்கள் காலர் பெண்ணுக்குத் தம்பி தங்கைகள் எத்தனை பேர் என்று கேட்டீர்களா? கைப்பட்டைப் பெண் பெரும்பாலும் இருவரில் ஒருத்தியாக இருப்பாள்.

அந்த மோதிரத்துக்கும் ஒரு விலை உண்டு. நான் சைகோனுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். மதிய உணவு நேரத்தில் ஒரு பெண் தட்டின் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். திரையில் அவள் மகன், நான்கு வயது இருக்கும், கா மாவில் பாட்டி ஊட்டிக்கொண்டிருப்பாள். இவள் ஒரு வாய் எடுப்பாள், "வாயைத் திற" என்பாள், அங்கே அவன் திறப்பான். பிறகு இவள் அடுத்த வாய். அரை மணி நேரம் இப்படியே. ஒரு நாள் சிக்னல் போய்விட்டது. படம் அப்படியே உறைந்து நின்றது, பையன் வாயைத் திறந்தபடி. அவளும் கரண்டியைக் கீழே வைக்காமல் படம் அசையும்வரை காத்திருந்தாள். சைரன் ஒலித்துவிட்டது, தட்டில் பாதி மிச்சம்.

ஏன் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு சதுர மீட்டர் வாடகை அறை. குடும்பப் பதிவு ஊரில் இருந்தால் நகரத்து அரசுப் பள்ளியில் இடம் வாங்குவது பெரும்பாடு. அந்தப் பதிவுப் புத்தகத்தைத் தாள் வடிவில் ஒழித்ததே 2022 முடிவில்தான்.

பழைய நைரோபிக்காரன்

வியட்நாம் நான் பார்த்ததில்லை. அதனால் ஒரு நாட்டுக் கதை மட்டும்.

எங்கள் கட்டிங் பையனுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. நன்றாக முடிந்தது, டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் பில் கட்டவில்லை, விடமாட்டார்கள். குணமான பிறகு பதினொரு நாள் அதே வார்டில் கிடந்தான், ஒவ்வொரு நாளும் படுக்கைக் கட்டணம் பில்லில் ஏறிக்கொண்டே இருந்தது. இப்படி அடைத்து வைப்பது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வார்டில் அது யாருக்கும் கேட்கவில்லை.

தொழிற்சாலையில் ஹராம்பே போட்டோம், எல்லோரும் சேர்ந்து பணம் திரட்டுவது. நோட்டுப் புத்தகத்தில் பெயர், எதிரே தொகை: 200, 100, 50. ஒரு கிழவி, துப்புரவு வேலை, 20 ஷில்லிங். அவ்வளவும் ஒரே போன் எண்ணுக்குப் போனது. நான் போய் அழைத்து வந்தேன். வாசல் காவலாளி டிஸ்சார்ஜ் தாளில் முத்திரைகளை எண்ணினான், விரலால் தொட்டுத் தொட்டு. ஒன்று குறைந்தது. பையன் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. காவலாளி பணிவாக, மிகப் பணிவாக, "உள்ளே நில்லுங்கள்" என்றான். பையன் காலை எடுத்து உள்ளே வைத்தான். எனக்குப் பில்லைவிட அந்தக் கால்தான் நினைவில் நிற்கிறது.

ஊசிக்காதுக்கு: அந்தப் பெண்ணின் 43 ஷில்லிங்கைச் சேமிப்பு இல்லாத நிலை என்று எண்ணாதீர்கள். அவள் இருபது பேருக்கு அனுப்பியிருப்பாள், நாளை அவள் வார்டில் கிடந்தால் இருபது பேர் அனுப்புவார்கள்.

வெண்தாள்

மேலே எழுதியவருக்கு. வியட்நாமில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. அதனால் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் சூப்பர்வைசரின் அப்பாவைப் பார்க்கப் போனேன். ஒரு கட்டிலில் இரண்டு நோயாளிகள், தலை மாற்றிப் படுத்திருந்தார்கள், கட்டிலுக்கு அடியில் பாய் விரித்து உறவினர்கள். அட்டைதான் இருக்கிறதே, பிறகு எதற்கு இது என்று சூப்பர்வைசரின் சட்டைப்பையில் இருந்த பண உறையைக் காட்டிக் கேட்டேன். "அட்டை மருத்துவமனைக்கு, உறை டாக்டருக்கு" என்றார். கேள்வி கேட்ட எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று.

பயணப்பை

என் அனுபவம் சிறியது. சைகோனில் வந்திறங்கிய இரண்டாம் நாள், தெருவோரக் காப்பிக்கு 20,000 டோங் தாள் என்று நினைத்து 500,000 தாளைக் கொடுத்துவிட்டேன். இரண்டும் நீலம். இரவில்தான் தெரிந்தது. மறுநாள் போய்க் கேட்டேன், அந்த அம்மாள் கையை விரித்தார். பிறகு நான்கு மாதம் அதே கடையில்தான் குடித்தேன். அவரும் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. காப்பி நன்றாக இருந்தது.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டோங் நோட்டுகளை நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், சைபரை எண்ணுங்கள். இருபதாயிரத்தையும் ஐந்து லட்சத்தையும் பர்சில் தனித்தனி அறையில் வையுங்கள். வியட்நாமில் வேலை அனுமதி அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத்தான், பட்டச் சான்றிதழைச் சட்டப்படி அங்கீகரித்து எடுத்துச் செல்லுங்கள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். தெருவைக் கடக்கும்போது ஓடாதீர்கள், நிற்காதீர்கள், ஒரே வேகத்தில் நடங்கள், மோட்டார் சைக்கிள்கள் உங்களைச் சுற்றிப் போகும்.

கென்யாவுக்குப் போகிறவர்கள் பெட்டியில் பிளாஸ்டிக் கேரி பை வைக்காதீர்கள். 2017 ஆகஸ்டிலிருந்து தடை, 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம் அல்லது நான்கு ஆண்டு வரை சிறை. 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் ஆன்லைன் பயண அனுமதி. வந்தவுடன் சிம் வாங்கி எம்பெசா (போன் வழிப் பணச் சேவை) பதிந்துகொள்ளுங்கள், காய்கறிக்காரி முதல் வீட்டுக்காரர் வரை அதில்தான். வாடகை வீட்டில் மின்சாரம் பெரும்பாலும் முன்கட்டண மீட்டர், போனில் பணம் கட்டினால் இருபது இலக்க எண் வரும், அதை மீட்டரில் அழுத்த வேண்டும். இரவு பதினொரு மணிக்குத் தீரும்படி வைத்துக்கொள்ளாதீர்கள், நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கொசுவலையை மறக்க வேண்டாம், நைரோபி உயரத்தில் இருப்பதால் அங்கே அவ்வளவாகத் தேவைப்படாது, மொம்பாசா போனால் கட்டாயம் வேண்டும்.

கட்டிங் மாஸ்டர்

பயணப்பை ஐயா, கொசுவலையை யாரும் கேட்கவில்லை.

கடைசி பெஞ்ச் எல்லாவற்றையும் பிள்ளை எண்ணிக்கையில் அடக்கிவிட்டார். அதை மறுத்துத்தான் எழுத வந்தேன், முதலில் என் கதை.

நைரோபியின் கிகோம்பா சந்தை. மித்தும்பா (வெளிநாட்டிலிருந்து வரும் பழைய துணி) மூட்டை பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள், கத்தியால் பட்டையை அறுத்தவுடன் துணி மூச்சு வாங்கியதுபோல உப்பி எழும். கூட்டம் பாயும். நான் சும்மா வேடிக்கை பார்த்தேன். ஒரு சட்டை என் காலடியில் விழுந்தது, கட்டம் போட்ட ஆண்கள் சட்டை. கழுத்துப் பட்டியைப் பார்க்கிறேன்: கென்யாவில் தயாரிக்கப்பட்டது. உள்தையலில் இருந்த சின்ன லேபிளில் ஸ்டைல் எண். என் எண்! நான் மார்க்கர் போட்டு வெட்டிய சட்டை. பாக்கெட்டில் கட்டம் சேரவில்லை என்று அன்றைக்கு இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம், இப்போதும் சேராமல்தான் இருந்தது.

அது போன தூரத்தை எண்ணிப் பாருங்கள். துணி ஆசியாவிலிருந்து கப்பலில் மொம்பாசாவுக்கு, அங்கிருந்து லாரியில் எங்களிடம். நூல், பட்டன், கழுத்துப் பட்டிக்குள் வைக்கும் ஒட்டுத்துணி எல்லாம் கூடவே வரும். நாங்கள் வெட்டித் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினோம். அங்கே யாரோ போட்டு, அலுத்து, தானப் பெட்டியில் போட்டு, மூட்டையாகி, மறுபடி மொம்பாசா. 150 ஷில்லிங் கொடுத்து வாங்கினேன்.

இதில் கென்யாவுக்குக் கிடைத்தது தையல் கூலி மட்டும். 2000-இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஆப்பிரிக்காவில் தைத்த ஆடைகளை வரியில்லாமல் வாங்கிக்கொண்டது, வெளிநாட்டுத் துணியையும் அனுமதித்தது, சரி. ஆனால் அதற்குக் காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதி நெருங்கும்போதெல்லாம் ஆர்டர் குறையும், லைன் நிற்கும். இங்கே ஒரு காலத்தில் பருத்தி விளைந்தது, நூற்பாலைகள் ஓடின. 1990-களில் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டதும் மித்தும்பா வந்து அவற்றைப் படுக்க வைத்தது. வியட்நாமும் பெரும்பாலும் சீனத் துணியில்தான் தைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம்தானே சீனா. பட்டன் குறைந்தால் அவர்களுக்குச் சில நாள், எங்களுக்கு ஒரு கப்பல். தவிர, அவர்கள் சட்டையோடு நிற்கவில்லை, போனும் அச்சுப்பொறியும் செய்யப் போய்விட்டார்கள்.

1990-இல் சராசரி கென்யரின் வருமானம் வியட்நாமியருடையதைப்போல மூன்று மடங்குக்குமேல். இன்று வியட்நாமியருடையது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அமெரிக்கா அவர்கள்மீது வைத்திருந்த வர்த்தகத் தடையை நீக்கியதே 1994-இல்தான். இவ்வளவையும் பிள்ளை எண்ணிக்கை செய்துவிட்டதா?

மின்சாரக் கதையை யாரும் கொண்டுவர வேண்டாம். 2023 ஆகஸ்டில் கென்யா முழுவதும் இருண்டது, விமான நிலையம்கூட. உண்மை. அதே ஆண்டு மே, ஜூனில் வட வியட்நாமிலும் அணைகள் வற்றித் தொழிற்பேட்டைகளில் மின்வெட்டு. கென்யாவிலாவது பத்தில் ஏறக்குறைய நான்கு பங்கு மின்சாரம், பெரும்பாலும் ஓல்காரியா பக்கம், பூமிக்கடியிலிருந்து ஆவியாக வருகிறது, மழையை நம்பவில்லை.

கடைசி பெஞ்ச்

கட்டிங் மாஸ்டரின் சட்டைக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் "பிள்ளை மட்டும்" என்று நான் எங்கே எழுதினேன், திரும்பப் படியுங்கள்.

ஊசிக்காது, ஒன்று கேட்கிறேன். நீங்கள் அங்கே இருந்த காலத்தைக் கணக்கிட்டால் 2021 உள்ளே வருகிறது. அந்த மோதிரம் என்ன ஆயிற்று?

ஊசிக்காது

கேட்டுவிட்டீர்கள்.

2021 ஜூலையில் ஊரடங்கு. தொழிற்சாலை ஓட வேண்டுமானால் வேலை, சாப்பாடு, தூக்கம் மூன்றும் உள்ளேயே என்று உத்தரவு. நாங்கள் ஒரு பகுதிப் பேர் பேக்கிங் கூடத்தில் கூடாரம் போட்டுப் படுத்தோம். அவள் உள்ளே வரவில்லை, கணவனோடு வாடகை அறையில் இருந்துவிட்டாள். அதனால் சம்பளமும் வரவில்லை. முதலில் வாடகை பாக்கி, பிறகு அரிசி. நகைக்கடை எதுவும் திறக்கவில்லை. மோதிரத்தைப் பக்கத்து அறைக்காரரிடம் கொடுத்துப் பணம் வாங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன், என்ன விலைக்கு என்று கேட்கவில்லை. அக்டோபர் முதல் தேதி கட்டுப்பாடு தளர்ந்ததும் மோட்டார் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு தெற்கே கிளம்பியவர்களில் அவர்களும் உண்டு. நெடுஞ்சாலை முழுவதும் மழைக்கோட்டு போட்ட குடும்பங்கள். அவள் திரும்பி வரவில்லை. ஸ்டூலில் அவள் கட்டி வைத்திருந்த துணி மெத்தையைப் புதிதாக வந்த பெண் அவிழ்க்காமல் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

இவ்வளவும் தெரிந்துதான் அத்தி ரிவரில் அந்தப் பெண்ணிடம் மோதிரக் கதையைச் சொன்னேன், வாங்கியதுவரை மட்டும்.

பழைய நைரோபிக்காரர் இருபது பேர் கணக்கு எழுதியதைப் படித்தபோது இதை எழுதிவிடலாமா என்று தோன்றியது, எழுதவில்லை. காலர் பெண்ணின் எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புகிறாள், நானும் அனுப்புகிறேன்.