புதுப்பிப்பு: பொத்துவிலில் நின்ற ஜீப் மட்டக்களப்புக்கு வந்தாயிற்று

எஞ்சின் ஓடாத லேண்ட் ரோவரை நாலு சில்லும் தரையில் உருள இழுத்து வரலாமா என்று கேட்டிருந்தேன் அல்லவா? வரலாம். ஆனால் "கியரை நியூட்ரலில் போட்டால் போதும்" என்ற பதில், 100 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு ஆபத்தானது. ட்ரான்ஸ்ஃபர் கேஸும் (கியர்பெட்டியின் சுழற்சியை முன், பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) நியூட்ரலில் இல்லாவிட்டால், சில்லுகள் கியர்பெட்டியின் ஷாஃப்டைச் சுழற்றும். எஞ்சின் நிற்பதால் எண்ணெய் சரியாக மேலேறாது, பேரிங் கருகிவிடும். எதற்கு வம்பு என்று கராஜ்கார அண்ணன் அந்தப் பெட்டியிலிருந்து சில்லுகளின் பக்கம் போகும் முன், பின் புரொப்பெலர் ஷாஃப்டுகளையே கழற்றிவிட்டார். அப்புறம் இதைக் கவனியுங்கள்: பழைய லேண்ட் ரோவரின் ஹேண்ட்பிரேக் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால்தான் இருக்கிறது. பின் ஷாஃப்டைக் கழற்றினால் அது பிடிக்காது, சில்லுக்குக் கட்டை வைக்க வேண்டும்.

கயிறு வேண்டாம், இரும்பு பார்தான். கல்முனை நெரிசலில் கயிறு என்றால் முன் வண்டியில் மோதாமல் வந்திருக்க மாட்டோம். ஸ்டியரிங் லொக்கையும் திறந்துவிடுங்கள்.