பூஞ்சை பிடித்த கல்யாண கேசட்டை டெக்கில் போடலாமா?

கேள்வி (கும்பகோணம்):
1991இல் நடந்த என் பெற்றோரின் திருமண வீடியோ கேசட் பரணிலிருந்து கிடைத்துள்ளது. பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த வி.எச்.எஸ். டெக்கும் வீட்டில் இருக்கிறது. கேசட்டைப் போட்டதும் நாகஸ்வரமும் தவிலும் நன்றாகக் கேட்டன. படம் மட்டும் இரண்டு நிமிடத்தில் புள்ளி புள்ளியாகி மறைந்துவிட்டது. கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. வெயிலில் காயவைக்கலாம் என்கிறார் அம்மா. தாத்தா நடமாடும் படம் எங்களிடம் இது ஒன்றுதான் என்பதால், கேட்டுவிட்டுச் செய்ய நினைக்கிறேன்.

பதில் (மயிலாடுதுறை):
நான் பல ஆண்டுகளாக டெக் பழுது பார்க்கிறேன். தயவுசெய்து அந்த கேசட்டை மறுபடி போடாதீர்கள். ஒலி கேட்டுப் படம் மறைந்தது என்றால் பெரும்பாலும் டேப்பிலுள்ள படத்தைப் படிக்கும் முனையான வீடியோ ஹெட் அடைத்துக்கொண்டது என்று பொருள். ஒலியை டேப்பின் ஓரத்தில் அசையாத ஹெட் ஒன்று படிக்கிறது. படத்தையோ, நிமிடத்திற்கு 1,500 சுற்று சுழலும் உருளையிலுள்ள ஹெட்டுகள் சாய்வான கோடுகளாகப் படிக்கின்றன. ஒவ்வொரு ஹெட்டின் முனையிலும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது என்பதால் பூஞ்சைத் தூள் சிறிதளவு பட்டாலும் அடைபடும். இப்போது உங்கள் டெக்கும் தூய்மையில்லாமல் இருக்கிறது. அதில் நல்ல கேசட்டைப் போட்டால் அதற்கும் பூஞ்சை தொற்றக்கூடும்.

டெக்கைச் சுத்தம் செய்ய, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தோலை உருளையின் மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, உருளையை மட்டும் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் முனை உடைந்துவிடும். பஞ்சு குச்சியின் இழையும் அதில் சிக்கிக்கொள்ளும். கடைசியாக டெக் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதன் உற்பத்தியை நிறுத்திய பிறகு புதிய டெக்குகள் வருவதில்லை என்பதால், இருப்பதைப் பாதுகாப்பதே வழி.

பதில் (திருவாரூர்):
நெல்லைப் போல வெயிலில் காயவைத்தால் சூட்டில் டேப் நெளிந்துவிடும், அம்மாவிடம் சொல்லுங்கள். மூடிய டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லோடு சில நாள் வைத்தால் பூஞ்சை உலர்ந்து தூளாகும். அதன்பின் முகக்கவசம் அணிந்து, கேசட்டின் அடியிலுள்ள ஐந்து திருகுகளைக் கழற்றி, இழை உதிராத துணியால் துடைக்கலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு கேசட்டைக் காப்பாற்றினோம். முதுகுப் பக்கத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை முன்பே உடைத்துவிடுங்கள், தவறியும் அதன் மேல் வேறு பதிவு விழாது. துடைத்தபின் முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள். மறுமுறை ஓடுமா என்பதற்கு உறுதியில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தகட்டை உடைத்து, கேசட்டை டப்பாவில் வைத்துவிட்டேன். சுத்தம் செய்ய எனக்குத் துணிவில்லை, மயிலாடுதுறை அண்ணனிடமே டெக்கையும் கேசட்டையும் கொண்டுவரலாமா?

பதில் (மயிலாடுதுறை):
கொண்டுவாருங்கள் தம்பி. பேருந்தில் வரும்போது கேசட்டை நிமிர்த்தி வையுங்கள்.