மறு: கோப்பு நீட்சியா, கோப்பு விகுதியா?

அனைவருக்கும் வணக்கம்.

கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் 'எக்ஸ்டென்ஷன்' என்பதைத் தமிழில் 'கோப்பு விகுதி' என்று சொல்லலாம் என்றேன். 'கோப்பு நீட்சி' பழகிவிட்டது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். எனக்கு ஒப்பவில்லை. உலாவியில் (பிரௌசரில்) கூடுதலாகச் சேர்க்கும் நிரலையும் 'நீட்சி' என்றுதான் சொல்கிறோம். 'நீட்சியை நீக்குக' என்று உதவிக்குறிப்பில் வந்தால் எதை நீக்குவது? அப்புறம், புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளின் வேலை பெயரை நீட்டுவது இல்லை, கோப்பு என்ன வகை என்று காட்டுவது.

அந்த வேலைக்கு இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: விகுதி. 'வந்தான்' என்பதில் கடைசி 'ஆன்' ஆண்பால், ஒருமை, படர்க்கை எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. 'இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்' என்ற வலைப்பக்கக் கோப்பின் பெயரில் இன்டெக்ஸ் பகுதி, எச்டிஎம்எல் விகுதி. சுருக்கிக் கட்டிய கோப்புகளில் 'டார்.ஜிஇசட்' என்று இரண்டு வந்தாலும் கவலையில்லை. 'அவர்கள்' போல விகுதிமேல் விகுதி. டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் பெயருக்கு 8 எழுத்து, விகுதிக்கு 3 எழுத்துதான் இடம். 'எச்டிஎம்' என்ற குட்டை விகுதி அங்கிருந்து வந்ததுதான்.

விகுதி மாறினால் சொல்லின் பொருள் மாறும், கோப்பின் பெயரை மாற்றினால் உள்ளே ஒன்றும் மாறாதே என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. உள்ளடக்கம் மாறாது, ஆனால் வழங்கி (பக்கங்களை அனுப்பும் சர்வர்) அதை நடத்தும் விதம் மாறும்.

ஒருமுறை ஒரு தளத்தைப் புது வழங்கிக்கு மாற்றினேன். பிஎச்பி என்ற நிரல்மொழியின் விகுதி உள்ள கோப்புகளைப் பிஎச்பி இயக்கியிடம் கொடு என்ற வரியை அமைவுக் கோப்பில் எழுத மறந்துவிட்டேன். முகப்பைத் திறந்தால் பக்கம் வரவில்லை, கோப்பு அப்படியே தரவிறங்கியது. திறந்து பார்த்தேன். இன்றைய தேதி இருக்க வேண்டிய இடத்தில் தேதியை அச்சிடும் கட்டளை, அதற்கு மேலே தரவுத்தளக் கடவுச்சொல். பதறிப்போய் உடனே தளத்தை நிறுத்தினேன். அந்த வரி இருந்திருந்தால் வழங்கியே கட்டளையை இயக்கி, கிடைத்த தேதியை எச்டிஎம்எல்லில் பொதிந்து அனுப்பியிருக்கும். உலாவியில் மூலத்தைப் புரட்டினாலும் தேதி மட்டும்தான் தெரியும். உலாவியோ விகுதியை நம்பி இருப்பதில்லை. வழங்கி மறுமொழியின் தலைப்பில் (ஹெட்டரில்) சொல்லும் உள்ளடக்க வகையைத்தான் முதலில் பார்க்கிறது. முகவரி பிஎச்பி என்று முடிந்தாலும் உலாவிக்குப் போய்ச் சேர்வது எச்டிஎம்எல்தான்.

அடுத்து, இப்படி வழங்கியே நிரலை இயக்குவதைக் குறிக்கும் 'சர்வர் சைடு' என்பதற்கு 'வழங்கிப் பக்கச் செயலாக்கம்' வேண்டாமே. வலைப்பக்கத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு 'பக்கம்' வந்தால் குழப்பம்தான். 'வழங்கிப் பக்க நிரல் பக்கத்தை உருவாக்குகிறது' என்ற வரியைப் புதிதாகப் படிக்கிறவர் எப்படிப் பிரித்துக்கொள்வார்? 'வழங்கிச் செயலாக்கம்', 'உலாவிச் செயலாக்கம்' போதும். வழங்கியையே செயலாக்குவதாகப் பொருள்படுமோ என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் வீட்டுப்பாடம் என்றால் வீட்டைப் படிப்பது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லையே.

இப்போது கையிலிருக்கும் உதவிப் பக்க மொழிபெயர்ப்பில் 'கோப்பு விகுதி', 'வழங்கிச் செயலாக்கம்' இரண்டையும் இட்டுப் பார்க்கிறேன். இடறும் வாக்கியம் ஏதாவது உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.