கீபோர்டில் சி, எஃப், ஜி கோர்ட் மாற்றும்போது நடுவிரல் இடறுகிறது

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். என் கீபோர்ட் யமஹா பிஎஸ்ஆர்-இ373, 61 கட்டை. தை மாதத்திலிருந்து மேஜர் கோர்ட் (மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) பழகுகிறேன். தனித்தனியாக வாசித்தால் எல்லாம் சரியாக விழுகின்றன. வலது கையில் சி-ஈ-ஜி, அப்புறம் சி-எஃப்-ஏ, அங்கிருந்து பி-டி-ஜி என்று இன்வர்ஷனில் (அதே சுரங்களை வரிசை மாற்றிப் பிடிப்பது) போகும்போதுதான் சிக்கல். பி-டி-ஜிக்கு 1-2-5 விரல்கள் (பெருவிரல், சுட்டுவிரல், சுண்டுவிரல்) வைக்கிறேன். ஆனால் நடுவிரல் முந்திக்கொண்டு ஈயையும் சேர்த்து அழுத்திவிடுகிறது, காதுக்கு உடனே குத்துகிறது.

மெட்ரோநோமை (தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துப் பழகினேன். சுரங்களைப் பிரித்து ஒவ்வொன்றாகவும் வாசித்தேன். மெதுவாக என்றால் வருகிறது, 80ஐத் தாண்டினால் பழையபடிதான். பக்கத்தில் ஆசிரியர் யாரும் கிடைக்கவில்லை. நத்தாருக்குப் பாடகர் குழுவோடு வாசிக்க மனதார ஆசை.

1-2-5 பிடிக்கும்போது நடுவிரல் கட்டையில் படாமலிருக்க உங்களுக்குப் பலன் தந்த பயிற்சி எது?