புதுப்பிப்பு: சின்ன உடல் செமி-ஹாலோ (பாதி உள்ளீடற்ற) எலெக்ட்ரிக் கிதார் – ஃபீட்பேக், ஒயரிங்

முதல் பதிவில் கிப்சன் இஎஸ்-335-ஐயும் (1958) இஎஸ்-339-ஐயும் (2007) ஒப்பிட்டிருந்தேன்: உடல் அகலம் 16 அங்குலத்திலிருந்து சுமார் 14-க்கு இறங்குகிறது, உட்கார்ந்து வாசிக்கையில் வலது தோள் தூக்கிக்கொள்வதில்லை. சின்ன உடலில் ஃபீட்பேக் குறையுமா, ஒயரிங்கை எப்படி மாற்றுவது, கழுத்து கீழே சாய்ந்தால் என்ன செய்வது என்று கீழே வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

ஃபீட்பேக்கை (ஆம்ப் ஒலி கிதாருக்குத் திரும்பி எழுப்பும் ஊளை) அடக்குவது உடலின் அளவைவிட நடுவே ஓடும் மரக்கட்டைதான். எபிஃபோன் கசினோ கூப்பே 339 போலவே தெரியும். உள்ளே கட்டை கிடையாது, டிரைவ் (ஆம்ப்பின் ஒலிச் சிதைவு) ஏற்றினால் ஊளையிடும். வாங்கும்முன் எஃப்-துளையில் (மேற்பலகையில் f வடிவில் உள்ள துளை) டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஒயரிங்கில்தான் சின்ன உடல் பழிவாங்கும். பின்மூடி இல்லாவிட்டால் எல்லாமே எஃப்-துளை வழியாகத்தான் போக வேண்டும். 24 மி.மீ. பாட் (வால்யூம், டோன் திருகி) நுழையாவிட்டால் 16 மி.மீ. பாட் போடுங்கள், ஹம்பக்கர் பிக்கப்புக்கு (கம்பி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் இரட்டைச் சுருள்) 500 கிலோஓம். பழையதைக் கழற்றும் முன் ஒவ்வொரு தண்டிலும் மீன்தொட்டி ரப்பர் குழாயை மாட்டுங்கள். தண்டு சுமார் 6 மி.மீ., குழாயின் உள்விட்டம் அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் பிடிக்கும். புதிய பாட்டை அதே குழாயால் துளைக்கு இழுத்துவிடலாம். சால்டரிங் முழுவதையும் வெளியே, கிதாரில் உள்ள அதே இடைவெளியில் துளையிட்ட அட்டையில் முடியுங்கள். உள்ளே தள்ளும் முன் ஆம்ப்பில் செருகி, ஸ்க்ரூடிரைவரால் பிக்கப்பைத் தட்டிச் சோதிப்பது கட்டாயம். நட்டை இறுக்கும்போது தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாட் சுழன்றால் கிரவுண்ட் ஒயர்தான் முதலில் அறும்.

கழுத்து கீழே சாய்கிறது என்றவர்களுக்கு: அகலமான, சொரசொரப்பான தோல் ஸ்ட்ராப். ஸ்ட்ராப் பட்டனை இடம் மாற்றுவது அதற்கும் சரிவராவிட்டால் மட்டும்.